எங்கள் ஊரின் உலக சாதனை

ஓடினால் மூச்சு வாங்குகிறவனும், பந்து எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்கு நேர் எதிர்த் திசையில் ஒதுங்கிக் கொள்வதையே பால்யம் முதல் ஓர் ஒழுக்கமாகக் கைக்கொண்டவனுமாகிய நான், தஞ்சை ஜில்லாவில் காவிரிக் கரை ஊர் ஒன்றிலிருந்து நான்கு பக்கங்களோடு வெளிவந்துகொண்டிருந்த ஒரு தினசரியில் முப்பத்தேழு வருஷ காலம் விளையாட்டு ஆசிரியனாக இருந்தேன் என்று சொன்னால், அந்த உத்தியோகம் இவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று வாசகர்களுக்குக் கேட்கத் தோன்றுவது நியாயமே. என்னிடம் சைக்கிள் இருந்தது. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

1961-ல் அந்தப் பத்திரிகையில் புரூப் திருத்துகிறவனாகச் சேர்ந்தேன். ஒரு நாள் சாயங்காலம் முதலாளி அச்சுக்கூடத்துக்குள் வந்து, ஊருக்குக் கிழக்கே இருக்கும் திடல் வரையில் போய்வர யாரிடம் வாகனம் இருக்கிறது என்று விசாரித்தார். கம்பாசிட்டர்கள் எல்லோரும் கால்நடையாக வருகிறவர்கள். கணக்கப்பிள்ளையிடம் ஒற்றை மாட்டு வண்டி ஒன்று இருந்தது, ஆனால் அந்த மாடு ஐந்து மணிக்கு மேல் வேலை செய்வதில்லை. "தம்பி, இன்னையிலேருந்து விளையாட்டை நீ பார்த்துக்க" என்றார். சம்பளம் உயரவில்லை. டயர் தேய்மானத்துக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று தாமாகவே சொன்னார். நான் ஓய்வு பெற்ற 1998-ஆம் வருஷம் வரையில் டயர் அந்த இரண்டு ரூபாய்க்குள்ளேயே தேய வேண்டும் என்றும் எதிர்பார்த்தார்.

எனக்கென்று ஒதுக்கப்பட்ட ராஜ்யம் நான்காம் பக்கத்தின் இடது கீழ் மூலை. அதற்கு மேலே சினிமாக் கொட்டகை விளம்பரம், வலது பக்கத்தில் காலமானார் அறிவிப்புகள். இந்த இரண்டு எல்லைகளும் நிலையானவை அல்ல. பொங்கலுக்குப் புதுப்படம் வந்தால் மேலிருந்து இறங்குவார்கள். மார்கழிக் குளிரில் வயோதிகர்கள் தவறினால் பக்கவாட்டில் நெருக்குவார்கள். பெரிய மனிதர் ஒருவர் சிவபதம் அடைந்தார் என்றால், அன்றைக்குச் செய்தியாக வரவேண்டிய சடுகுடுக் கோஷ்டி ஒன்றும் அவரோடு கூடவே போய்விடும். இப்படி இடமில்லாமல் அச்சுக் கோத்த நிலையில் காத்துக் கிடந்த செய்திகள் சில சமயம் பத்து நாள், பதினைந்து நாள் கழித்து வெளிவரும். அதனால் விளைந்த ஒரு விபரீதத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

எங்கள் வட்டாரத்தில் விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. தை பிறந்தால் சடுகுடுவும் வழுக்கு மரமும் உறியடியும், கோடை விடுமுறையில் கம்பத்துக்குக் கம்பம் விளக்குக் கட்டி விடிய விடிய நடக்கும் கைப்பந்தும், சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடப் பந்தயங்களும், இவையெல்லாவற்றுக்கும் நடுவே வருஷம் முழுவதும் பூப்பந்தும் உண்டு. பூப்பந்தைப் பற்றி எங்கள் ஜில்லாக்காரர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். நானும் நிறுத்த மாட்டேன். மஞ்சள் கம்பளி நூலால் சுற்றிய பந்தை, எண்பதடி நீளமும் நாற்பதடி அகலமுமான களத்தில் பக்கத்துக்கு ஐந்து பேராக நின்று மட்டையால் அடிக்கும் இந்த ஆட்டத்தை 1856-ஆம் ஆண்டு வாக்கில் தஞ்சாவூர் அரச குடும்பத்தார் தொடங்கி வைத்தார்கள் என்பது வரலாறு. அந்த வருஷம் தஞ்சாவூர் சமஸ்தானம் கும்பினியார் வசம் போன சமயம் என்பதையும் சேர்த்து யோசித்தால், ராஜ்யத்தை ஆளுகிற தொல்லை நீங்கியபின் மனிதனுக்கு எவ்வளவு நல்ல யோசனைகள் தோன்றுகின்றன என்று ஆச்சரியமாக இருக்கிறது.

செய்தி சேகரிப்பு எப்படி என்று கேட்பீர்கள். திடலில் நடப்பவற்றுக்கு நானே சைக்கிளில் போவேன். கிராமத்துப் பந்தயங்களின் முடிவுகள் பஸ் கண்டக்டர்கள் மூலமாக, பீடிக் கட்டுக் காகிதத்திலும் கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்திலும் எழுதப்பட்டு வந்து சேரும். இதில் ஒரு தத்துவத்தைச் சேர்ந்த ஆறு மாதத்திலேயே கண்டுகொண்டேன். ஜெயித்த கோஷ்டி செய்தி அனுப்பும். தோற்ற கோஷ்டி அனுப்பாது. ஆகையால் முப்பத்தேழு வருஷமாக என் மூலையில் வெளிவந்த போட்டிகளையெல்லாம் ஜெயித்தவர்களே ஜெயித்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியும், ஒரே ஒரு சந்தர்ப்பம் தவிர. அன்று ஒரே கைப்பந்துப் போட்டியைப் பற்றி இரண்டு பஸ்களில் இரண்டு சீட்டுகள் வந்தன. இரண்டு ஊர்களும் ஜெயித்திருந்தன. இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் பிரசுரித்துவிட்டேன். இரு ஊர்க்காரர்களும் திருப்தி அடைந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையைத் தங்கள் ஊர்ச் செய்தி வராத நாளில் யாரும் வாங்குவதில்லை என்பது இவ்வித நெருக்கடிகளில் பெரிய ஆறுதல்.

தோற்றவர்களைப் பற்றி எழுதுவது இன்னும் நுட்பமான காரியம். பட்டணத்துப் பத்திரிகைக்காரன் 'படுதோல்வி' என்று எழுதிவிட்டுத் தூங்கப் போவான். தோற்றவன் அவன் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை. எனக்குப் பால் ஊற்றுகிறவர் மகன் தோற்றவன், சலவைத் துணி கொண்டு வருகிறவர் தம்பி தோற்றவன், சில சமயம் என் மைத்துனனே தோற்றவன். ஆகவே எனக்கென்று ஒரு நிகண்டு தயார் செய்துகொண்டேன். இருபத்தொன்பதுக்கு மூன்று என்று தோற்றால் 'கடைசி வரை களத்தில் நின்றனர்'. இருபத்தொன்பதுக்கு இருபது என்றால் 'கடும் போராட்டம்'. ஐந்து பேர் ஓடி ஐந்தாவதாக வந்தவன் 'ஐந்தாம் இடத்தைப் பிடித்தான்'. இரண்டே பேர் கலந்துகொண்ட கோலூன்றித் தாண்டுதலில் கோல் முறிந்து விழுந்தவனுக்கு 'இரண்டாம் பரிசு' என்று எழுதியபோது அவன் தகப்பனார் நேரில் வந்து கண்ணீர் மல்க நன்றி சொன்னார். இனிஷியலில் தவறு வந்தால் மட்டும் மன்னிப்பு கிடையாது. 'எஸ்' என்பது 'எம்' ஆகிவிட்டால், மறுநாள் காலையில் ஆபீஸ் திறக்குமுன் ஒரு குடும்பமே திண்ணையில் உட்கார்ந்திருக்கும், ரேஷன் கார்டோடு.

என் ஆரம்ப காலத்து அதிகப்பிரசங்கித்தனம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நாளில் விளையாட்டு விழாச் செய்தி என்றால் அதற்கு ஒரு சம்பிரதாயம் இருந்தது. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், பரிசு வழங்கியவர், பரிசு வழங்கியவரைப் பாராட்டியவர், நன்றி நவின்றவர், இறுதியில் தேசிய கீதம். இவ்வளவும் போட்டுவிட்டு மீதமிருக்கும் இரண்டு வரியில், வெயிலில் ஓடியவர்களின் பெயர்கள் இடநெருக்கடிக்கு உட்பட்டு இடம்பெறும். இது அநியாயம் என்று எனக்குப் பட்டது. ஒரு வருஷம் ஓடினவர்கள் பெயரை மேலே போட்டு, தலைமை தாங்கியவரைக் கடைசி வரிக்கு இறக்கினேன். அவர் ஓர் அரிசி மில் அதிபர். மில் விளம்பரம் ஒன்றரை மாதம் நின்றுபோயிற்று. "தம்பி, ஓடுறவன் அடுத்த வருஷமும் ஓடுவான். தலைமை தாங்குறவர் தாங்காமப் போயிட்டா நம்மை யார் தாங்குறது?" என்று முதலாளி கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஓடினவர்களை நான் கீழே இறக்கவில்லை. தலைமை தாங்கியவருக்குத் தனிப் பெட்டி கட்டிக் கொடுத்து, பெட்டியைச் சுற்றிப் பூ வேலையும் செய்வித்தேன். விளம்பரம் திரும்பி வந்தது.

இனி, தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

1963-ஆம் வருஷம் காணும் பொங்கலன்று திடலில் பந்தயங்கள் நடந்தன. நூறு கஜ ஓட்டத்தில், பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, வேப்பமரத்தடியிலிருந்து புறப்பட்டான். மற்றவர்கள் பாதி தூரம் வருவதற்குள் எதிர்க்கோடியில் இருந்த கல்மண்டபத்தின் முதல் தூணை அடைந்துவிட்டான். டிரில் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்பது விநாடியும் பத்தில் ஒரு பங்கும் காட்டிக்கொண்டு முள் நின்றிருந்தது.

டிரில் மாஸ்டர் மதராஸிலிருந்து 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பத்திரிகையை வாரந்தோறும் வரவழைத்துப் படித்துக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தவர். நாங்கள் இருவரும் அவர் வீட்டு மச்சில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு இரவு எட்டு மணி வரை தேடியதில், நூறு கஜத்தில் உலக சாதனை 1961 ஜூன் மாதம் அமெரிக்காவைச் சேர்ந்த பிராங்க் பட் ஏற்படுத்திய 9.2 விநாடி என்று தெரிய வந்தது. நான் படியிறங்கிய வேகத்துக்கும் யாராவது கடிகாரம் பிடித்திருக்கலாம்.

மறுநாள் இதழில், என் மூலையைத் துறந்து, முதல் பக்கத்திலேயே நான்கு பத்தித் தலைப்பு: '100 கஜ ஓட்டம்: நம் ஊர் மாணவர் உலக சாதனை!' முதலாளி புரூப்பைப் பார்த்துவிட்டு, "உலகத்துக்கு இது தெரியுமா தம்பி?" என்றார். "விடிஞ்சாத் தெரிஞ்சிடும் ஐயா" என்றேன். எங்கள் பத்திரிகை எட்டிய உலகம் கிழக்கே மாயவரம், மேற்கே பாபநாசம், தெற்கே மன்னார்குடி. வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டிப் போனதில்லை. அந்த எல்லைக்குள் விஷயம் பிரமாதமாகப் பரவிற்று. பையனை மாட்டு வண்டியில் வைத்து நாகசுரத்தோடு ஊர்வலம் விட்டார்கள். வண்டி மெதுவாகப் போனதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. நடுவில் குதித்து முன்னால் ஓடிவிட்டான்.

பதினைந்து நாள் கழித்து ஓர் இரவு, டிரில் மாஸ்டர் கொல்லைப்புற வழியாக என் வீட்டுக்கு வந்தார். முகம் பேயறைந்தது போலிருந்தது. நூறு கஜத்தை அளப்பதற்கென்று பள்ளிக்கூடத்தில் ஒரு நூற்கயிறு உண்டு. அது கார்த்திகை மழையில், ஓடு ஒழுகும் கொட்டகையில், ஒரு மாதம் நனைந்து கிடந்திருக்கிறது. நூற்கயிறு நனைந்தால் சுருங்கும் என்பது மாடு கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். டிரில் மாஸ்டர் மாடு கட்டியவரல்லர். போதாக்குறைக்கு வாட்ச்மேன் தம் கன்றுக்குட்டிக்காக நுனியிலிருந்து நான்கு முழம் வெட்டிக்கொண்டிருக்கிறார். சந்தேகம் தட்டியதும் மாஸ்டர் கர்ணம் வீட்டு நில அளவைச் சங்கிலியை இரவல் வாங்கி வந்து, வேப்பமரத்திலிருந்து மண்டபத் தூண் வரை நிலா வெளிச்சத்தில் தனியாக அளந்து பார்த்திருக்கிறார். ஒரு சங்கிலி என்பது இருபத்திரண்டு கஜம். நான்கு சங்கிலியும் மூன்று கஜமும் இருந்தது. அதாவது தொண்ணூற்றொரு கஜம்.

நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். தொண்ணூற்றொரு கஜத்துக்கு 9.1 விநாடி என்றால், நூறு கஜத்துக்குப் பத்து விநாடி. வெறுங்காலில், வரப்பைப் போல மேடும் பள்ளமுமான மண்ணில், சோற்றுக்குப் பிறகு ஓடிய பள்ளிக்கூடப் பையனுக்கு அதுவே லேசுப்பட்ட காரியமல்ல. ஆனால் அதற்கு ஊர்வலம் விடமாட்டார்கள். "திருத்தம் போட்டுடுங்க சார், தர்மம் அதுதான்" என்றார் மாஸ்டர், சொல்லிவிட்டு, வாசற்படியில் நின்று, "ஒண்ணு மட்டும். அந்தக் கட்டிங்கைக் காட்டித்தான் ஓர் ஆலையில பையனுக்கு வேலைக்குச் சொல்லியிருக்கு" என்றும் சொன்னார்.

திருத்தம் எழுதினேன். ஐந்தே வரி. அச்சுக் கோத்து காலியிலும் வைத்தாயிற்று. மறுநாள் இடமில்லை, ஒரு ஜவுளிக்கடை தள்ளுபடி விற்பனை. அடுத்த நாளும் இடமில்லை. இனிஷியல் திருத்தம் ஒன்று அவசரமாக வந்தது. இப்படியே ஒவ்வொரு நாளும் அதைவிட முக்கியமான ஏதாவது ஒன்று குறுக்கிட, முப்பத்தைந்து வருஷ காலம் அந்த ஐந்து வரிக்கு இடம் கிடைக்கவேயில்லை.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் பாப் ஹேய்ஸ் என்ற அமெரிக்க வீரர் நூறு கஜத்தை 9.1 விநாடியில் ஓடினார். உலகமெங்கும் புதிய சாதனை என்று எழுதினார்கள். நான் மட்டும் 'நம் ஊர்ச் சாதனையை அமெரிக்கர் சமன் செய்தார்' என்று எழுதினேன். மறு வருஷம் அவரே டோக்கியோ ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தங்கப் பதக்கத்தை வென்றபோது எங்கள் ஊர் டீக்கடைகளில் ஏற்பட்ட பெருமிதம், நம்மவனோடு சமமாக நின்றவன் சோடை போகமாட்டான் என்கிற வகையைச் சேர்ந்தது.

பையனுக்கு வேலை கிடைத்தது. அதனால் வேறொரு கவலை பிறந்தது. ஓட்டத்தால் உத்தியோகம் பெற்றவன் அமெச்சூரா, இல்லையா? இந்த 'அமெச்சூர்' என்ற வார்த்தை அந்நாளில் ஆசாரம் போல எங்களை ஆட்டி வைத்தது. 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐவகைப் போட்டியிலும் பத்துவகைப் போட்டியிலும் தங்கம் வென்ற ஜிம் தார்ப் என்ற அமெரிக்கச் செவ்விந்தியரின் கதையை டிரில் மாஸ்டர் அடிக்கடி சொல்லுவார். அதற்கு முன்பே வட கரோலினாவில் கோடைக்காலத்தில் சொற்பக் கூலிக்கு அவர் பேஸ்பால் ஆடியிருந்தார் என்பது வெளிப்பட்டு, பதக்கங்களைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். அவர் 1953-ல் காலமானார். பதக்கங்களைத் திருப்பித் தருவது என்று 1982-ல் தீர்மானித்தார்கள். அவர் ஒருவரே வெற்றியாளர் என்று முழு மனதோடு அறிவிக்க 2022 ஆயிற்று. இந்தக் கதையில் மாஸ்டர் குரலைத் தாழ்த்திச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. விஷயத்தை 1913 ஜனவரியில் வெளியே கொண்டுவந்தது நியூயார்க் பத்திரிகை அல்ல. மாசசூஸெட்ஸ் மாகாணத்து வுஸ்டர் என்னும் ஊரின் உள்ளூர்ப் பத்திரிகை. அதாவது, என்னைப் போன்ற ஒருவன்.

அது முதல் பரிசுப் பட்டியல் எழுதும்போதெல்லாம் என் கை நடுங்கும். சடுகுடுவில் முதல் பரிசு ஆட்டுக்கிடாய் என்று ஒரு கிராமத்தில் வைத்தார்கள். கிடாய் ஊதியமா, பரிசா? மாஸ்டரிடம் அபிப்பிராயம் கேட்டேன். "தின்னுட்டா அமெச்சூர், வித்தா தொழில்" என்று நிமிஷ நேரத்தில் தீர்ப்பளித்தார். சட்டத்தின் பிரகாரம் நடக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுவது என் கடமையாகப் பட்டபடியால் மறுநாள் மத்தியானம் அந்தக் கிராமத்துக்குச் சைக்கிளில் போனேன். ஏழு ஆட்டக்காரர்களும் இரண்டு விசிறிகளும் நானும் இலை போட்டு உட்கார்ந்து அமெச்சூர் தர்மத்தை மிச்சம் வைக்காமல் காப்பாற்றினோம்.

இந்தச் சொல் ஆராய்ச்சியில் பின்னாளில் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. அமெச்சூர் என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. காதலிக்கிறவன் என்று பொருள். அத்லீட் என்பதோ கிரேக்கம். 'அத்லோன்' என்றால் பரிசு, அதற்காகப் போட்டியிடுகிறவன் அத்லீட். ஒலிம்பியாவில் கொடுத்தது ஆலிவ் இலைக் கிரீடம்தான் என்றாலும், ஜெயித்து ஊர் திரும்பியவனுக்கு ஐந்நூறு திராக்மா கொடுக்கும்படி ஏதென்ஸில் சோலோன் சட்டம் செய்ததாகப் பிளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே அமெச்சூர் அத்லீட் என்றால், பரிசுக்காகப் போட்டியிட்டுப் பரிசை வேண்டாமென்று சொல்லுகிற காதலன். கல்யாணச் சந்தையில் இப்படி ஒருவன் அகப்பட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று மூன்று பெண்களைப் பெற்ற நான் பெருமூச்சு விட்டதுண்டு. உலகத் தடகளச் சம்மேளனமே 1912-ல் தன் பெயரில் சேர்த்துக்கொண்ட அந்த வார்த்தையை 2001-ல் கழற்றிப் போட்டுவிட்டது. எனக்குத் தகவல் வந்தபோது நான் ஓய்வு பெற்றுவிட்டேன்; கிடாய் எப்போதோ ஜீரணமாகிவிட்டது.

விபரீதத்தைச் சொல்லுகிறேன் என்றேனல்லவா? 1965 பொங்கல் விழாவில் ஒரு மாணவன் பன்னிரண்டு பவுண்டு இரும்புக் குண்டை அபாரமாக எறிந்தான். செய்தியை அன்றைக்கே கோத்தாயிற்று. இடமில்லாமல் பத்து நாள் கிடந்தது. பத்து நாளில் நாடு மாறிவிட்டது. ஜனவரி கடைசி வாரத்தில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி வெடித்து, பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டு, தெருவில் நாலு மாணவர்கள் சேர்ந்து நின்றால் போலீசார் விசில் ஊதிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், பக்கம் கட்டிய புண்ணியவான் கையில் அகப்பட்டதை எடுத்து இடத்தை நிரப்பியதில், காலை இதழில் இப்படி ஒரு தலைப்பு வந்தது: 'மாணவர் குண்டு எறிந்தார்: மூவரை முறியடித்தார்.'

ஏழு மணிக்கு ஒரு சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்து, "குண்டு எங்கே?" என்று கேட்டார். நான் அவரை டிரில் மாஸ்டர் வீட்டுக்கு அழைத்துப்போய், சாவி வாங்கி, பள்ளிக்கூடக் கொட்டகையைத் திறந்து காட்டினேன். அவர் குண்டைக் கையிலெடுத்து எடை பார்த்தார். முகத்தில் ஒரு பழைய ஞாபகம் தோன்றிற்று. தொப்பியைக் கழற்றிக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். பயிற்சிக் காலத்தில் தாம் எறிந்ததுண்டு என்றார். எறிந்தார். முப்பத்திரண்டு அடி. இன்னொரு தடவை எறிந்தார், அது முப்பத்துமூன்று. "இதையெல்லாம் பேப்பர்ல போட்டுடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு ஒன்பது மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்து, ஐயாவின் இனிஷியல் 'டி' அல்ல, 'வி.டி' என்று தெரிவித்தார்.

கிரிக்கெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றால், என் மூலையிலும் நான் அதிகம் சொன்னதில்லை. 1971 ஆகஸ்ட் 24-ஆம் தேதி வாடேகர் தலைமையில் நம்மவர்கள் ஓவல் மைதானத்தில் நான்கு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்; இங்கிலாந்து மண்ணில் நம் முதல் டெஸ்ட் வெற்றி. சந்திரசேகர் 38 ஓட்டத்துக்கு ஆறு பேரைச் சாய்த்திருந்தார். அன்று சாயங்காலம் எங்கள் ஊர் மேலவீதியில் பூப்பந்து இறுதிப் போட்டியும் முடிந்தது. மூன்றாவது ஆட்டம் 29க்கு 27. மறுநாள் பூப்பந்து மேலே, ஓவல் கீழே. முதலாளி காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, உனக்கு நெஞ்சில ஈரம் இருக்கா?" என்றார். "ஐயா, லண்டன்ல நடந்ததை ஊரே ரேடியோவில கேட்டாச்சு. மேலவீதியில நடந்ததை எந்த ரேடியோ சொல்லிச்சு?" என்றேன். அவர் சற்று யோசித்தார். "இருபத்தேழிலேருந்தா விட்டான்?" என்றார். பூப்பந்தில் தோற்ற கோஷ்டித் தலைவன் அவருடைய தங்கை மகன் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. 'கடும் போராட்டம்' என்று எழுதியிருந்தேன், அதனால் தப்பினேன்.

இதற்கிடையே கஜம் போய் மீட்டர் வந்துவிட்டது. 1956-லேயே சட்டம் செய்து படிப்படியாக அமலாக்கினார்கள் என்றாலும் எங்கள் திடலுக்கு மீட்டர் வந்துசேர மேலும் பத்து வருஷத்துக்குக் குறையாமல் ஆயிற்று. நூறு கஜ ஓட்டம் நின்று நூறு மீட்டர் ஓட்டம் தொடங்கியது. நூறு கஜம் என்பது 91.44 மீட்டர் என்று புதிதாக வந்த வாய்ப்பாட்டில் படித்தபோது, டிரில் மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், 91! எண்ணு சரியாத்தான் இருந்திருக்கு. அலகுதான் கொஞ்சம் முன்னப்பின்ன!" என்றார். மனிதன் எதில் ஆறுதல் காண்பான் என்று சொல்ல முடியாது.

பந்தயமே ஒழிந்துபோனபடியால் எங்கள் ஊர்ச் சாதனையை இனி எவராலும் முறியடிக்க முடியாது என்ற நிலை ஏற்பட்டது. வெளியுலகத்தில் மட்டும் சிலர் பிடிவாதமாக முயன்றுகொண்டிருந்தார்கள். 1974-ல் ஐவரி கிராக்கெட் என்பவர் 9.0 விநாடியில் ஓடிவிட்டார். உலகம் எங்களைத் தாண்டிப்போகப் பதினோரு வருஷம் பிடித்தது. 1976-ல் உலகச் சம்மேளனம் மைல் ஒன்றைத் தவிர மற்றக் கஜக் கணக்குச் சாதனைகளையெல்லாம் ஏட்டிலிருந்து எடுத்துவிட்டபோது நான் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். இனி யாரும் அளக்க மாட்டார்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. ஆலையிலிருந்து ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டார். டிரில் மாஸ்டர் இல்லை, பத்திரிகையும் இல்லை. முதலாளியின் வாரிசுகள் அச்சுக்கூடத்தை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். என் நான்காம் பக்கத்து மூலை ஏறக்குறைய கைகழுவுகிற இடத்தில் வருகிறது. ஒவ்வொரு காணும் பொங்கலன்றும் அவர் என் வீட்டுக்கு வந்து, என்னைக் கைத்தாங்கலாகத் திடலுக்கு அழைத்துப் போவார். பந்தயங்களைப் பார்ப்போம். திரும்பும் சமயத்தில் ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வியைக் கேட்பார்: "அண்ணே, நம்ம ரெக்கார்டு அப்படியேதானே இருக்கு?" "அப்படியேதான் தம்பி" என்பேன். அவர் சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தக் கட்டிங் இருக்கும். பழுப்பேறிவிட்டது. தலைப்பு மட்டும் நன்றாகத் தெரிகிறது.

இந்த வருஷம் அவருடைய பேரனும் கூட வந்திருந்தான். கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் படிக்கிறான், நல்ல பையன், தாத்தாவிடம் பக்தி உள்ளவன். "தாத்தா, எங்கேருந்து எதுவரைக்கும் ஓடினீங்க?" என்று கேட்டான். வேப்பமரம் இருக்கிறது, மண்டபமும் இருக்கிறது, இரண்டையும் காட்டினார். பையன் கைபேசியை வெளியே எடுத்தான். "நடந்தாப் போதும், தூரத்தை இது கரெக்டா சொல்லிடும். வீடியோவும் எடுத்துப் போடுறேன்" என்று சொல்லிக்கொண்டே வேப்பமரத்தை நோக்கி உற்சாகமாகப் போனான்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே, காபி ஆறிடப் போவுது" என்றார்.

காபிக்கு நாங்கள் இன்னும் சொல்லவேயில்லை. கடை தெருமுனைக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் அவர் சொன்ன தொனியில் இருந்த அவசரம் எனக்கு நியாயமாகவே பட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்த நடையை நடை என்று சொல்லுவது என் பழைய தொழிலுக்குத் துரோகம். பேரன் மண்டபத்துத் தூணைத் தொடுவதற்குள் நாங்கள் இருவரும் தெருமுனை திரும்பிவிட்டோம்.